பால் வேணுமான்னு கேட்டா, கால் வலிக்கலைன்னு சொன்னவர்

ஒரு தப்பை ஒத்துக்கணும். போன வருஷம் ஓபியில நான் பண்ண தப்பு. அதை நானா கண்டுபிடிக்கல. ரிட்டையர் ஆன ரயில்வேக்காரங்க கூட்டம் ஒண்ணுக்கு பிரஷர் பார்க்கப் போன இடத்துல தானா வெளிய வந்துச்சு. த்ரெட் நீளம். வீட்ல எழுபதைத் தாண்டின அப்பாவோ தாத்தாவோ இருந்தா கொஞ்சம் பொறுமையா படிங்க.

இதுல வர்ற பெரியவர்கிட்டயும் அவர் மகள்கிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதறேன். அவர் பேர், வேலை பார்த்த ஒர்க்‌ஷாப், எங்க ஆஸ்பத்திரி எதுவும் இதுல வராது. ஒண்ணு ரெண்டு விவரத்தை மாத்தியும் இருக்கேன்.

திங்கட்கிழமை ஓபி எப்படி இருக்கும்னு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களுக்குத் தெரியும். மேல ஃபேன் கடகடன்னு ஓடும். வெளிய சீட்டு நம்பர் கூப்பிடற சத்தம், ஒரு குழந்தை அழுகை, யாரோ வரிசையில சண்டை. ஒரு பேஷண்ட்டுக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சா அதிகம். அன்னைக்கு எனக்கு ஜலதோஷம், அதனால மாஸ்க் போட்டிருந்தேன். இந்த மாஸ்க்கை ஞாபகம் வெச்சுக்கங்க.

78 வயசுப் பெரியவர். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்ல பேனா. மகள் கூட்டிட்டு வந்திருந்தாங்க. "அப்பாவுக்கு மறதி வந்துடுச்சு மேடம். நாம ஒண்ணு கேட்டா அவர் ஒண்ணு சொல்றார். பால் வேணுமாப்பான்னு கேட்டா, கால் வலிக்கலைம்மாங்கறார். நேத்து கேஸ்காரர் வந்தப்ப அவர் என்னமோ கேக்க, இவர் என்னமோ சொல்ல, ஒரே கூத்து."

மறதிக்கு ஒரு சின்ன சோதனை இருக்கு. மூணு வார்த்தை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வோம். கொஞ்ச நேரம் வேற பேச்சு பேசிட்டு மறுபடி கேப்போம். நான் "பூ, மேசை, காசு" சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். அப்புறம் சிரிச்சுக்கிட்டே "ஆமா" அப்படின்னார். இன்னைக்கு என்ன கிழமைன்னு கேட்டேன். "நல்லா இருக்கேம்மா" என்றார். மகள் என்னைப் பார்த்து, 'சொன்னேன்ல' அப்படிங்கற மாதிரி தலையை ஆட்டினாங்க.

சீட்டுல மறதி நோய்னு எழுதி, முன்னாடி ஒரு கேள்விக்குறி போட்டேன். மெடிக்கல் காலேஜ்ல நரம்பியல் பார்க்கச் சொல்லி ரெஃபர் பண்ணேன். அடுத்த சீட்டு.

எங்க பாஷையில அந்தக் கேள்விக்குறிக்கு 'சந்தேகம்தான், உறுதி பண்ணணும்' அப்படின்னு அர்த்தம். ஆனா சீட்டு ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டினதும் அந்தக் குறி எங்கயோ விழுந்துடுது. வீட்டுக்குப் போய்ச் சேர்றது வியாதி பேர் மட்டும்தான். பின்னாடி தெரிஞ்சுக்கிட்டது இது: அவங்க மெடிக்கல் காலேஜ் போகவே இல்ல. ஆனா அன்னைக்கு சாயங்காலமே அவர் ஏடிஎம் கார்டை மகள் வாங்கி வெச்சுட்டாங்க. காலைல தனியா டீக்கடைக்குப் போறது நின்னுச்சு. ராத்திரி கேட்டுக்குப் பூட்டு. அந்தம்மாவைக் குத்தம் சொல்ல மாட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்ததைத்தான் அவங்க பண்ணாங்க.

இதுக்கு ஒரு அஞ்சாறு மாசம் கழிச்சு, கூட வேலை பார்க்கற நர்ஸ் அக்கா ஒருத்தங்க, "எங்கப்பா ரயில்வே பென்ஷனர். அவங்க கூட்டம் ஞாயித்துக்கிழமை பொன்மலையில. ஒரு மணி நேரம் வந்து பிரஷர், சுகர் பார்த்துட்டுப் போங்களேன்" அப்படின்னாங்க. சரின்னு போனேன்.

திருச்சிக்காரங்களுக்கு பொன்மலையைப் பத்திச் சொல்ல வேண்டியதில்ல. மத்தவங்களுக்காக: தென்னிந்திய ரயில்வே கம்பெனி நாகப்பட்டினத்துல வெச்சிருந்த ஒர்க்‌ஷாப்பை 1928-ல் இங்க கொண்டுவந்துச்சு. அதைச் சுத்தி ஒரு ஊரே முளைச்சுது. குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தண்ணித் தொட்டி எல்லாமே ரயில்வே. ஊட்டி மலை ரயிலுக்கு இந்த நூற்றாண்டுல கூட புதுசா நீராவி இன்ஜின் செஞ்சு கொடுத்தது இங்கதான். 1946 செப்டம்பர் 5-ல் சங்கத் திடல்ல போலீஸ் சுட்டு அஞ்சு தொழிலாளிங்க செத்துப்போனாங்க. இன்னைக்கும் அந்தத் தேதி வந்தா இங்க கொடி ஏத்தி அஞ்சலி செலுத்துவாங்க.

கூட்டம் ஒரு சின்ன ஹாலில். உள்ள நுழையும்போதே காது அடைச்சுது. எழுபது எண்பது பெரியவங்க, எல்லாரும் ஒரே நேரத்துல கத்திப் பேசறாங்க. சண்டை இல்ல, சாதாரணப் பேச்சே அப்படித்தான். நான் ஓரமா மேசை போட்டு உட்கார்ந்து பிரஷர் பார்க்க ஆரம்பிச்சேன். பாதிப் பேர் மாத்திரையை ஒழுங்கா போடறதில்ல, அது வேற கதை.

இன்னொரு பக்கம் நீளமா ரெண்டு பெஞ்சு. அதுல அவங்கவங்க வீட்லேருந்து கொண்டுவந்த சாமான். ஒவ்வொரு தடவையும் இப்படிக் கொண்டுவந்து பரப்பி வெச்சுட்டு, சாயங்காலம் துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிடுவாங்களாம். பிரஷர் பார்த்து முடிச்சதும் நான் போய் நின்னேன். ஒரு மணி நேரம்னு வந்தவ, நாலு மணி நேரம் இருந்தேன்.

பிரம்பு வளையம் ஒண்ணு. அதுல ஒரு தோல் பை. பைக்குள்ள கனமான இரும்புக் குண்டு, மேல ரெண்டு ஸ்டேஷன் பேர் வெட்டியிருக்கு. ஒரே தண்டவாளம் இருக்கற பாதையில எதிரெதிரா ரெண்டு வண்டி வந்துடக்கூடாது இல்லையா? அதுக்குத்தான் இந்தக் குண்டு. ரெண்டு ஸ்டேஷன்லயும் ஒவ்வொரு பெட்டி இருக்கும். கம்பி வழியா ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். ஒரு பெட்டியிலேருந்து ஒரு குண்டு வெளிய வந்துட்டா, அது திரும்ப ஏதாவது ஒரு பெட்டிக்குள்ள போற வரைக்கும் அடுத்தது வராது. குண்டு கையில இருக்கற டிரைவருக்கு மட்டும்தான் அந்தப் பாதை சொந்தம்.

நிக்காத வண்டிக்கு இந்த வளையத்தை ஓடும்போதே மாத்தணும். கீழ பாயிண்ட்ஸ்மேன் தூக்கிப் பிடிச்சுட்டு நிப்பார். இன்ஜின்லேருந்து கையை நீட்டி, வளையத்துக்குள்ள கையை விட்டு வாங்கிக்கணும். பழசைக் கீழ வீசணும். ஒரு பழைய ஃபயர்மேன் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கைக்கு மேல காட்டினார். "இந்த இடம் எப்பவும் கன்னிப்போயிருக்கும் டாக்டரம்மா. வீட்டுக்காரி யார்கிட்ட அடி வாங்கிட்டு வந்தேன்னு கேப்பா." ராத்திரி மழையில ஒரு தடவை வளையத்தைத் தவறவிட்டு, வண்டியை நிறுத்தி, புதர்ல லாந்தர் வெச்சுத் தேடின கதையை மூணு பேர் மூணு விதமாச் சொன்னாங்க. மூணு பேரும் அது தன்னோட கதைன்னாங்க.

அட்டை டிக்கெட்டுகளை ஒரு பழைய சாக்லேட் டப்பாவுல அடுக்கி வெச்சிருந்தார் ஒரு ரிட்டையர்டு புக்கிங் கிளார்க். நம்மள்ல முப்பது வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு ஞாபகம் இருக்கும், கெட்டியான சின்ன அட்டை. தேதி அடிக்கற மெஷின்ல விட்டா 'டக்'னு ஒரு சத்தம் வரும். அவர் வாயாலயே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார். சிவப்பு, பச்சைக் கண்ணாடி திரும்பற கை விளக்கு நாலஞ்சு இருந்துச்சு. "ரயில்வே சாமானை வீட்ல வெச்சிருந்தா கேஸ் ஆச்சே ஐயா?" அப்படின்னு கேட்டேன். "1966 சட்டம்மா. நீங்க ஆர்.பி.எஃப்ல சொல்லிடாதீங்க" அப்படின்னு ஒருத்தர் சிரிக்க, பக்கத்துல இருந்தவர் அவசரமா "எல்லாம் ஸ்கிராப் ஏலத்துல எடுத்தது, ரசீது இருக்கு" அப்படின்னார்.

ஃபிரேம் போட்டு ஒரு காகிதம். 1974 ஸ்டிரைக்ல வந்த டிஸ்மிஸ் ஆர்டர். மே 8-ல் ஆரம்பிச்சு 27 வரைக்கும் நடந்த வேலைநிறுத்தம். நாடு முழுக்க சுமார் 17 லட்சம் பேர் இறங்கினாங்க. அவர் ஜெயில்ல, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லி வீட்டு வாசல்ல ஆளு. கைக்குழந்தையோட மனைவி மாமனார் வீட்டுக்குப் போய்ட்டாங்க. 1977-ல் ஆட்சி மாறினதும் வேலை திரும்பக் கிடைச்சுது. "மூணு வருஷம் வாழைக்காய் மண்டியில மூட்டை தூக்கினேன்" அப்படின்னார். அதுக்கு மேல அவர் பேசல, நானும் கேக்கல.

பெஞ்சு ஓரத்துல ஒரு அம்மா, கை விளக்கு ஒண்ணை மடியில வெச்சுட்டு உட்கார்ந்திருந்தாங்க. வீட்டுக்காரர் கேங்மேன், லைன்ல வேலை பார்க்கும்போதே போய்ட்டார். கருணை வேலை இவங்களுக்குக் கிடைச்சு, இவங்களும் ரயில்வேயிலயே ரிட்டையர் ஆனாங்க. எல்லாரும் விளக்கைப் பெஞ்சுல வெச்சிருந்தாங்க, இவங்க மட்டும் வைக்கல. யாராவது கேட்டா எடுத்துக் காட்டிட்டு மறுபடி மடியில வெச்சுக்கறாங்க.

கடைசியா, பெஞ்சுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கூட்டம். நடுவுல ஒருத்தர் கையில சுத்தியல். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்ல பேனா.

எனக்கு முகம் உடனே பிடிபடல. ஓபியில பார்க்கற முகம் வெளிய பார்த்தா வேற மாதிரி இருக்கும். மூணாவது தடவை பார்த்தப்பதான் 'கால் வலிக்கலை' ஐயான்னு உறைச்சுது.

மகள் தனியா விடறதில்லைங்கறதால, பழைய சிநேகிதர் ஒருத்தரோட பையன் பைக்ல கூட்டிட்டு வந்திருக்கார். ஐயாவுக்கு என்னை ஞாபகம் இருந்துச்சா? இருந்துச்சு. "ஆஸ்பத்திரி டாக்டரம்மா" அப்படின்னு கும்பிட்டார். அன்னைக்கு மாஸ்க் போட்டிருந்தவளை எப்படிக் கண்டுபிடிச்சார்னு எனக்கு ஆச்சரியம். கண்ணாடி ஃபிரேமை வெச்சுன்னு அப்புறம் சொன்னார்.

அவர் பாய்லர்மேக்கர். பெஞ்சுல இருந்தது ஒரு சின்ன இரும்புச் சட்டம். ரெண்டு கனத்த தகடு, நடுவுல ஒரு சாண் இடைவெளி, ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கற மாதிரி வரிசையா கம்பிகள். நீராவி இன்ஜின்ல நெருப்புப் பெட்டியைச் சுத்தி தண்ணி இருக்கும். உள் தகடும் வெளித் தகடும் அழுத்தத்துல பிளந்துக்காம இருக்க நூத்துக்கணக்குல இந்த மாதிரிக் கம்பிகள். அதுக்குப் பேர் ஸ்டே. ஒண்ணு உடைஞ்சா பக்கத்துல இருக்கறது அதன் பாரத்தையும் சேர்த்துத் தாங்கும். அதுவும் உடைஞ்சா அடுத்தது. அப்படியே போனா பாய்லர் வெடிக்கும்.

ஆனா உடைஞ்சது வெளியிலேருந்து கண்ணுக்குத் தெரியாது. அப்ப எப்படிக் கண்டுபிடிக்கறது? தட்டித்தான். நல்ல ஸ்டே ஒரு மாதிரி சத்தம் கொடுக்கும், உடைஞ்சது வேற மாதிரி. இந்தச் சட்டம் அப்ரண்டிஸ் பசங்களுக்குக் காது பழக்கறதுக்காக அவரே செஞ்சது. ஒரே ஒரு ஸ்டேயை மட்டும் உள்ள பாதி அறுத்து வெச்சிருக்கார்.

நாங்களும் இதைத்தானே பண்றோம்னு தோணுச்சு. நெஞ்சுல விரலை வெச்சுத் தட்டிப் பார்ப்போமே, நுரையீரல்ல காத்து இருந்தா ஒரு சத்தம், நீர் கோத்திருந்தா மந்தமா ஒரு சத்தம். 1761-ல் அதைப் பத்திப் புத்தகம் எழுதின ஆவன்ப்ரூகர் ஆஸ்திரியாக்காரர். சத்திரம் நடத்தினவரோட மகன். பீப்பாயில எவ்வளவு சரக்கு இருக்குன்னு அப்பா தட்டிப் பார்க்கறதைப் பார்த்து வந்த யோசனைன்னு காலேஜ்ல சொல்லித் தருவாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அந்தக் கூட்டத்துல ஐயா நல்லாப் பேசறார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில். பக்கத்துல நின்னவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடல, ஒர்க்‌ஷாப் டிக்கெட் நம்பர் சொல்லிக் கூப்பிட்டார். அப்பதான் இன்னொண்ணு கவனிச்சேன். அவங்க எல்லாரும் வாயால மட்டும் பேசல. ஹால் அந்தக் கோடியிலேருந்து ஒருத்தர் ரெண்டு விரலை உதட்டுக்கிட்ட கொண்டுபோனா, இங்கேருந்து இவர் தலையை ஆட்டறார், டீ வருது. ஒருத்தர் தோளைத் தொட்டு வட்டம் போட்டா 'மேஸ்திரி வர்றார்'னு அர்த்தமாம், இப்ப அதை செக்ரட்டரிக்கு வெச்சிருக்காங்க. பேசும்போது நேருக்கு நேரா, முகத்தைப் பார்த்து, கிட்ட நின்னு பேசறாங்க. பாய்லர் ஷாப்ல பேச்சு கேக்காதுங்கறதால வந்த பழக்கம். அங்க யாரும் யாரோட முதுகைப் பார்த்துப் பேச மாட்டாங்க.

நான் அவருக்குப் பின்னாடி போய் நின்னு, சாதாரணக் குரல்ல "ஐயா" அப்படின்னேன். திரும்பல. இன்னொரு தடவை. திரும்பல. எதிர்ல இருந்தவர் கண்ணைக் காட்டினதும் திரும்பினார்.

வயித்துல ஏதோ பண்ணுச்சு எனக்கு.

பையில ஸ்டெத் இருந்துச்சு. எங்க சீனியர் ஒருத்தர் சொல்லிக்கொடுத்த ஒரு பழைய வித்தை: காது மந்தமான பெரியவங்க காதுல ஸ்டெத்தை மாட்டிவிட்டு, அந்தப் பக்கம் வில்லையில மெதுவாப் பேசறது. ஓரமா உட்கார வெச்சு மாட்டினேன். கையால என் வாயை மறைச்சுக்கிட்டு, "பூ, மேசை, காசு" அப்படின்னேன்.

"பூ, மேசை, காசு. இதைத்தான் அன்னைக்கும் கேட்டீங்களா? நான் ஊசி போடவான்னு கேக்கறீங்கன்னு நினைச்சேன்."

இங்க ஒரு எச்சரிக்கை. 'பழசெல்லாம் புட்டுப்புட்டு வைக்கறாரே, அப்ப மறதி நோய் இல்ல'ன்னு முடிவு பண்ணிடாதீங்க. நிறையப் பேர் இதுல ஏமாந்துடறாங்க. மறதி நோயோட ஆரம்பத்துல போறது புது ஞாபகம்தான். காலைல என்ன சாப்பிட்டோம்ங்கறது போயிடும், 1974 அப்படியே இருக்கும். அதனால அவர் கதை சொன்னதை வெச்சு நான் எதையும் முடிவு பண்ணல. என் சோதனையில அவர் தோத்தது மூளையாலயா காதாலயாங்கறது எனக்குத் தெரியாதுங்கறது மட்டும்தான் அன்னைக்குப் புரிஞ்சுது.

அடுத்த வாரம் மகளோட வரச் சொன்னேன். முதல்ல காதுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தேன். அன்னைக்கே பண்ணியிருக்க வேண்டியது. அழுக்கு ஒரு பக்கம் அடைச்சிருந்துச்சு, எடுத்தோம். (தயவுசெஞ்சு காதுல காய்ச்சின எண்ணெய் ஊத்தாதீங்க, கொண்டை ஊசி விடாதீங்க.) அப்புறம் ஆடியோகிராம். சத்தமில்லாத அறையில ஹெட்ஃபோன் மாட்டி, எந்தச் சுருதியில எவ்வளவு சத்தம் வெச்சா கேக்குதுன்னு வரையற படம்.

அவர் படத்துல தாழ்ந்த சுருதியெல்லாம் கிட்டத்தட்ட சரி. மேல போகப் போகச் சரிஞ்சு, 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துல பள்ளத்துல விழுது. ரெண்டு காதுலயும். வயசானா எல்லாருக்குமே மேல் சுருதி குறையும், ஆனா சத்தத்தால காது போனவங்களுக்கு அந்த 4000 பக்கத்துப் பள்ளம் ஒரு கைரேகை மாதிரி.

உள் காதுல நத்தைக்கூடு மாதிரி ஒரு உறுப்பு. அதுல ஒரு காதுக்கு சுமார் 15,000 மயிரிழை செல்கள். பெரிய சத்தம் வருஷக்கணக்கா அடிச்சா இதுங்க செத்துப்போகும். செத்தது மறுபடி முளைக்காது. 85 டெசிபல்ல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம்னு ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடறப்பவும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்குப்படி 100 டெசிபல்ல 15 நிமிஷம்தான். காத்தழுத்தச் சுத்தியல் வெச்சு இரும்பு மேல அடிக்கற சத்தம் அதையும் தாண்டும். இவர் ஒருத்தர் ஒரு பக்கம் அடிக்க, இன்னொருத்தர் நெருப்புப் பெட்டிக்குள்ளயே உட்கார்ந்து மறுபக்கம் தாங்கிப் பிடிக்கணும். காதுக்கு என்ன போட்டீங்கன்னு கேட்டேன். "பழந்துணி"ன்னார்.

இது இவர் ஒருத்தர் கதையோ ஒரு ஒர்க்‌ஷாப் கதையோ இல்ல. 1886-லேயே கிளாஸ்கோவுல தாமஸ் பார்னு ஒரு காது டாக்டர், நூறு பாய்லர்மேக்கர்களைச் சோதிச்சுப் பார்த்து எழுதி வெச்சிருக்கார். 'பாய்லர்மேக்கர் காது'ன்னு வியாதிக்குப் பேரே உண்டு. நான் படிச்சிருக்கேன், பரீட்சையில எழுதியும் இருக்கேன். ஒரு பாய்லர்மேக்கர் எதிர்ல வந்து உட்கார்ந்தப்ப, 'என்ன வேலை பார்த்தீங்க'ன்னு ஒரு கேள்வி கேக்கத் தோணல.

இப்ப அந்தப் பாலும் காலும். ஆ, ஓ மாதிரி உயிர் ஓசை தாழ்ந்த சுருதி, சத்தமும் அதிகம். க, ச, த, ப மாதிரி மெய் ஓசையோட அடையாளம் மேல் சுருதியில, ரொம்ப மெல்லிசா இருக்கும். மேல் சுருதி போனவருக்கு 'பால்'ல 'ஆல்' மட்டும் கேக்கும். முன்னாடி இருந்தது பாலா, காலா, சாலாங்கறதை அவரே ஊகிக்கணும். பத்து, சத்து, கத்து எல்லாம் ஒண்ணு. அதனாலதான் 'சத்தம் கேக்குது, ஆனா புரியல'ம்பாங்க. நாம இன்னும் கத்துவோம். கத்தினா உயிர் ஓசைதான் இன்னும் பெரிசாகும், அவருக்கு வேண்டியது அது இல்ல.

அந்த இடைவெளியை நிரப்ப அவர் உதட்டைப் படிப்பார். நான் அன்னைக்கு மாஸ்க் போட்டு அதையும் மூடிட்டேன்.

மறதிச் சோதனையை மறுபடி செஞ்சோம். இந்தத் தடவை அமைதியான அறை, கேள்விகளைப் பெரிய எழுத்துல அட்டையில எழுதிக் காட்டி. நல்லாப் பண்ணார். முழு மார்க் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டப்ப மூணுல ஒரு வார்த்தை வரல. மெடிக்கல் காலேஜ் டாக்டர் பார்த்துட்டு, இப்போதைக்கு மறதி நோய்னு சொல்ல முடியாது, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்ப்போம்னு சொன்னார். அதுக்குக் காரணம் இருக்கு. மறதி நோயைத் தள்ளிப்போட நம்மால மாத்த முடிஞ்ச 14 விஷயங்களை லான்செட் குழு 2024-ல் பட்டியல் போட்டுச்சு. அதுல காது கேக்காமையும் ஒண்ணு. காது போனா பேச்சு குறையும், ஆளுங்களைத் தவிர்ப்பாங்க, மூளைக்கு வேலை குறையும். தனியா வீட்ல பூட்டி வெச்சா அது இன்னும் வேகமாகும். நான் எழுதின சீட்டு அதைத்தான் பண்ணிட்டு இருந்துச்சு.

மகள்கிட்ட ஆடியோகிராமைக் காட்டி விளக்கினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு இருந்தாங்க. "அப்ப நான் அவரை எவ்வளவு திட்டியிருக்கேன்" அப்படின்னாங்க. நான், "நான்தான் தப்பா எழுதினேன், உங்க மேல இல்ல" அப்படின்னு சொன்னேன். ஐயாகிட்டயும் முகத்துக்கு நேரா, மெதுவாச் சொன்னேன். அவர், "சுத்தியல் கையில இருக்கறவன் தப்பா ஒரு அடி அடிச்சா, மறுபடி அடிச்சுச் சரி பண்ணிக்க வேண்டியதுதான்" அப்படின்னுட்டு, "அந்த ஏடிஎம் கார்டு மட்டும் வாங்கிக் கொடுங்க" அப்படின்னார்.

உங்க வீட்ல இப்படி ஒருத்தர் இருந்தா: என்ன வேலை பார்த்தார்னு யோசிங்க. மில்லு, லேத்து, பட்டறை, கல் குவாரி, பஸ் இன்ஜின் பக்கத்துல முப்பது வருஷம், எதுவானாலும். டிவி சத்தம் கூடிட்டே போகுதா, ஃபோன்ல பேசினா மட்டும் உளர்றாரா, நேர்ல பேசினா சரியா இருக்காரா, கவனிங்க. பின்னாடியிலேருந்து பேசாதீங்க. டிவியை நிறுத்திட்டு, எதிர்ல வந்து, கத்தாம நிதானமாப் பேசுங்க. மறதின்னு டாக்டர் சொன்னா, 'காது பார்த்தாச்சா'ன்னு நீங்க கேளுங்க. கோவிச்சுக்க மாட்டோம். கோவிச்சுக்கிட்டாலும் கேளுங்க. அரசு மருத்துவக் கல்லூரிகள்ல காது மூக்கு தொண்டைப் பிரிவுல ஆடியோகிராம் எடுப்பாங்க. ரயில்வே பென்ஷனரா இருந்து மருத்துவ அட்டை இருந்தா ரயில்வே ஆஸ்பத்திரியில கேளுங்க.

ஐயாவுக்கு மெஷின் கிடைக்க சில மாசம் ஆச்சு. அது வந்ததும் எல்லாம் சரியாப் போச்சுன்னு சொல்ல ஆசைதான். வீட்ல அவர் பாதி நாள் மாட்டறதே இல்ல. மிக்ஸி சத்தம் மண்டையைப் பிளக்குதாம். பேப்பர் மடிக்கற சத்தம் கூட அடிதடி மாதிரி இருக்காம். இது எல்லாருக்கும் ஆரம்பத்துல வர்றதுதான், பழகணும், செட்டிங் மாத்தணும். ஆனா டீக்கடைக்கு மாட்டிட்டுப் போறார். கார்டு அவர்கிட்ட இருக்கு. கேட்டுக்குப் பூட்டு இல்ல. மகள் சமையலறையிலேருந்து கத்தறதை விட்டுட்டு, எதிர்ல வந்து நின்னு கேக்கறாங்க, "பால் வேணுமாப்பா?" அவர் வேணும்னே "கால் நல்லாத்தான் இருக்கு" அப்படின்னு பதில் சொல்றாராம்.

போன மாசக் கூட்டத்துக்கு அவரே டவுன் பஸ்ல வந்திருந்தார். அந்த இரும்புச் சட்டம் பெஞ்சுல இருந்துச்சு. மெஷின் மாட்டிட்டுத் தட்டிப் பார்த்தார். முகம் சுளிச்சார். "தகர டப்பா மாதிரி கேக்குதும்மா." கழட்டிப் பாக்கெட்ல போட்டுட்டு, இடது கைக் கட்டை விரலை ஸ்டே தலையில வெச்சுக்கிட்டு, வலது கையால பக்கத்துல தட்டினார். ஒவ்வொண்ணா நகர்ந்து, நாலாவதுல நிறுத்தினார். அறுத்து வெச்சது அதுதான்.

அப்புறம் சுத்தியலை என் கையில கொடுத்தார். நான் ரெண்டையும் மாறி மாறித் தட்டிப் பார்த்தேன். என் ஆடியோகிராம் நார்மல். எனக்கு ரெண்டும் ஒரே சத்தமாத்தான் கேட்டுச்சு.